வழக்கோடு வந்த பேய்கள்

ஜப்பானில் பேய்க்கென்று ஒரு பருவம் உண்டு. சென்னைக்கு மார்கழியில் கச்சேரி போல, அவர்களுக்கு வியர்த்துக் கொட்டும் ஜூலை, ஆகஸ்டில் பேய்க்கதை. ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நாட்களில் இறந்த முன்னோர் வீடு திரும்புவதாக நம்பி விளக்கேற்றி வரவேற்பார்கள். நாடகக் கொட்டகைகளுக்கோ அது ஆள் வராத காலம். புழுக்கம் தாங்காமல் பெரிய நடிகர்கள் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் கூட்டத்தை இழுக்க மேடையில் தண்ணீர் கொட்டினார்கள், தந்திரக் காட்சிகள் வைத்தார்கள், பேயை இறக்கினார்கள். பயத்தில் உடம்பு சில்லிட்டால் வெயில் மறக்கும் என்பது கணக்கு.

அந்த வழக்கத்தை சினிமா அப்படியே வாங்கிக்கொண்டது. 1950களில் ஜப்பானிய ஸ்டூடியோக்கள் கோடை வந்தால் பேய்ப்படம் வெளியிட்டன. 1959 கோடையில் 'யோட்சுயா கைடான்' என்ற ஒரே பழங்கதை இரண்டு ஸ்டூடியோக்களிலிருந்து இரண்டு படங்களாக வந்தது. கதை எல்லோருக்கும் தெரியும், முடிவும் தெரியும். தெரிந்தேதான் போனார்கள்.

உலகையே நடுங்க வைத்த 'ரிங்' வெளியானது 1998 ஜனவரி 31. நடுக்குளிர்காலம். பருவம் பார்த்து வந்த பேய், பருவம் பாராமல் வந்து நின்றது. மாறியது பருவம் மட்டுமில்லை. யாருக்காக வருகிறது, எதைக் கேட்கிறது, கேட்டதைக் கொடுத்தால் போய்விடுமா என்ற மூன்றும் சேர்ந்தே மாறின. பழைய படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கான காரணம் இந்த மாற்றத்துக்குள்தான் இருக்கிறது. அன்றைய பேய்கள் ஒரு வழக்கோடு வந்தன.

ஓயிவாவின் சீப்பு

'யோட்சுயா கைடான்' நாடகத்தை நான்காம் சுருயா நன்போகு எழுதினார். 1825 கோடையில் எடோ நகரத்து, அதாவது இன்றைய டோக்கியோவின், நகாமுரா கொட்டகையில் முதலில் மேடையேறியது. எஜமானன் இல்லாத சாமுராய் இயெமோன். அவன் மனைவி ஓயிவா பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடக்கிறாள். வசதியான பக்கத்து வீட்டுப் பெண் இயெமோன்மேல் ஆசைப்படுகிறாள். பேத்திக்காக அந்த வீட்டார், உடம்பு தேற மருந்து என்று சொல்லி ஓயிவாவுக்கு விஷம் அனுப்புகிறார்கள். அவள் நன்றி சொல்லிக் குடிக்கிறாள். முகத்தின் ஒரு பக்கம் வீங்கி, ஒரு கண் சரிந்து தொங்குகிறது.

அடுத்து வருவது சீப்புக் காட்சி. உண்மை தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் கேட்க வேண்டும். போகுமுன் ஒரு சாமுராய் வீட்டுப் பெண் எப்படிப் புறப்பட வேண்டுமோ அப்படிப் புறப்படுகிறாள். மணமானவளுக்குரிய முறைப்படி பல்லுக்குக் கறுப்பு பூசுகிறாள். தாய் விட்டுச்சென்ற சீப்பை எடுத்துத் தலை வாருகிறாள். ஒவ்வொரு வாரலிலும் கொத்துக் கொத்தாக முடி கையோடு வருகிறது. நிறுத்தவில்லை. மீண்டும் வாருகிறாள். தரையில் முடி குவிகிறது, நெற்றியில் ரத்தம் வழிகிறது. இந்த இடத்தில் அவள் இன்னும் பேயாகவில்லை. உயிரோடு, மானத்தோடு, வெளியே கிளம்ப முயலும் ஒரு பெண். பார்க்கிறவர்களுக்கு முதலில் வருவது பயம் இல்லை, பதற்றம். இந்தத் தலையோடு அவள் வாசல் தாண்டக் கூடாதே என்ற பதற்றம். அவள் தாண்டவும் இல்லை.

இதற்குப் பிறகு அவள் எத்தனை முறை விளக்குக்குள்ளிருந்து வந்தாலும், கால்வாயில் மிதந்துவரும் மரக்கதவில் அறையப்பட்ட பிணமாகக் கண் திறந்தாலும், கொட்டகை முழுவதும் அவள் பக்கம். இயெமோன் அலறும்போது கூட்டத்துக்குக் குளிர்கிறது, கூடவே மனது ஆறுகிறது.

எடோ காலச் சட்டத்தை நினைத்துப் பார்த்தால் இந்த ஆறுதலின் கனம் புரியும். கணவன் ஒரு சிறு ஓலை எழுதிக் கொடுத்தால் மணமுறிவு ஆயிற்று. மனைவிக்கு அந்த உரிமை இல்லை. கணவனைப் பிரிய விரும்பிய பெண்கள் காமகுராவில் இருக்கும் தோகெய்ஜி மடத்துக்கு ஓடிப்போய்த் தஞ்சம் புகுந்தார்கள். வேலைக்காரிகளுக்கு அதுவும் இல்லை. இன்னொரு புகழ்பெற்ற கதையில் ஒகிகு என்ற பணிப்பெண்ணைப் பத்துத் தட்டில் ஒன்று குறைந்ததாகக் குற்றம் சாட்டிக் கொன்று கிணற்றில் வீசுகிறார்கள். இரவில் கிணற்றுக்குள்ளிருந்து அவள் தட்டு எண்ணும் குரல் கேட்கிறது. ஒன்பதுவரை எண்ணிவிட்டு அழுகிறாள். ஹிமெஜி கோட்டையில் ஒகிகுவின் கிணறு என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். உயிரோடு இருந்தபோது ஓயிவாவும் ஒகிகுவும் போய் முறையிட ஓர் இடம் இருக்கவில்லை. செத்த பிறகு அவர்கள் முறையீட்டைக் கேட்ட இடம் நாடகக் கொட்டகை. பின்னாளில் சினிமாத் திரை.

அந்தப் பேயின் உருவமும் எடோ காலத்தில்தான் நிலைபெற்றது. 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோ வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு பேய் ஓவியம் இருக்கிறது. வெள்ளுடை, அவிழ்ந்த கூந்தல், இடுப்புக்குக் கீழே புகைபோல் கரைந்துபோகும் உடம்பு. நம் ஊரில் பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். அவர்கள் காலையே வரையாமல் விட்டுவிட்டார்கள். வெள்ளை, பிணத்துக்கு உடுத்தும் உடை. அவிழ்ந்த முடி, சடங்கு முடியாத சாவின் அடையாளம். பார்த்த மாத்திரத்தில் 'இவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை' என்று சொல்லும் உருவம் அது.

காமிரா திரும்பும் நேரத்தில்

போர் முடிந்ததும் ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம், பழிவாங்கும் சாமுராய் கதைகளைத் தணிக்கை செய்தது. 1952இல் அந்தக் காலம் முடிந்ததும் பழங்கதைகள் அணை திறந்தாற்போல் வந்தன. அடுத்த பதினாறு ஆண்டுகளில் வந்த படங்கள் இன்றும் நின்று பேசுகின்றன.

கென்ஜி மிசோகுச்சியின் 'உகெட்சு' 1953இல் வந்தது. உவேடா அகினாரி 1776இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. உள்நாட்டுப் போர்க்காலம், பிவா ஏரிக்கரை. கென்ஜூரோ என்ற குயவன் பாண்டம் விற்றுப் பணக்காரனாகும் ஆசையில் மனைவி மியாகியையும் குழந்தையையும் விட்டுப் போகிறான். வாகசா என்ற சீமாட்டியின் மாளிகையில் மயங்கிக் கிடக்கிறான். அவள் பேய் என்று தெரிந்த பிறகு தப்பித்து ஊர் திரும்புகிறான். இடையில் மியாகியைப் பசித்த படைவீரர்கள் குத்திவிட்டதை நாம் பார்த்துவிட்டோம். அவனுக்குத் தெரியாது.

இரவு. கென்ஜூரோ மனைவியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறான். அடுப்பு அணைந்து கிடக்கிறது. யாருமில்லை. பின்வாசல் வழியாக வெளியேறி வீட்டைச் சுற்றி வருகிறான். காமிரா உள்ளேயே நின்று, சன்னல்களுக்கு அப்பால் அவன் நடப்பதைப் பார்த்தபடி மெல்லத் திரும்புகிறது. திரும்பி முன்பக்கம் வரும்போது, சற்றுமுன் வெறுமையாக இருந்த அதே இடத்தில் அடுப்பு எரிகிறது. மியாகி உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். நடுவில் வெட்டு இல்லை, புகை இல்லை, இசை அதிரவில்லை. காமிரா பார்க்காத சில நொடிகளில் நடிகை கினுயோ தனகா வந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான் தந்திரம். கென்ஜூரோ உள்ளே வந்து அழுகிறான். அவள் குற்றம் சொல்லாமல் உணவு கொடுத்து, அவன் தூங்கிய பின் இரவெல்லாம் விழித்திருந்து தைக்கிறாள். ஓயிவா தண்டிக்க வந்தாள், மியாகி மன்னிக்க வந்தாள். இரண்டும் அவரவர் வழக்கின் தீர்ப்பு. வெனிஸ் திரைப்பட விழா இந்தப் படத்துக்கு வெள்ளிச் சிங்கம் கொடுத்தது.

1959இன் இரண்டு யோட்சுயாக்களில் நோபுவோ நகாகவா எடுத்ததுதான் நிலைத்தது. ஷின்தோஹோ என்ற சின்ன ஸ்டூடியோவின் படம், 76 நிமிடம். ஷிகெரு அமாச்சி நடித்த இயெமோனை நகாகவா வெறும் அரக்கனாக்கவில்லை. வறுமையும் வீம்பும் ஒவ்வொரு படியாக அவனைக் கீழே இறக்குவதை அருகில் நின்று காட்டினார். அதனால் தண்டனை வரும்போது நமக்கும் சற்று வலிக்கிறது.

மசாகி கொபயாஷியின் 'குவைடான்' 1964இல் முடிந்தது. லாஃப்காடியோ ஹேர்ன் எழுதிய கதைகள் நான்கு, 183 நிமிடம். ஹேர்ன் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, 1890இல் ஜப்பான் வந்தவர். மனைவி கொய்சுமி செட்சு வாயால் சொன்ன கதைகள் பலவற்றை எழுதிவைத்தார். கொபயாஷி அந்தக் கதைகளுக்காக விமானக் கொட்டகை ஒன்றுக்குள் வானத்தையே கட்டினார். பனிப்பெண் கதையில் அந்தத் தீட்டிய வானத்திலிருந்து பெரிய கண்கள் மனிதனைப் பார்க்கின்றன. முதல் கதையில் ஏழை மனைவியை விட்டுப்போன சாமுராய் பல ஆண்டு கழித்து வந்து அவளோடு ஓர் இரவு கழிக்கிறான். விடியும்போது பக்கத்தில் எலும்பும் கறுத்த கூந்தலும். அவன் பாழடைந்த வீட்டுக்குள் தடுமாறி ஓடும்போது இசையமைப்பாளர் டோரு டகெமிட்சு இயல்பான ஓசைகளை நீக்கிவிட்டு, மரம் பிளக்கும் ஒலியை மட்டும் காட்சியோடு ஒட்டாமல் முன்னும் பின்னுமாக விடுகிறார். காதும் கண்ணும் தனித்தனி உலகில் மாட்டிக்கொள்கின்றன. 1965இல் கான் விழாவில் இந்தப் படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது.

1968இல் கனேட்டோ ஷிண்டோ எடுத்த 'குரோனெகோ' வழக்கையே சிக்கலாக்கியது. மூங்கில் தோப்பு வீட்டில் மாமியாரையும் மருமகளையும் சாமுராய்க் கும்பலொன்று சீரழித்து எரித்துவிடுகிறது. சாமுராய் ஒவ்வொருவனையும் கொல்வோம் என்று சபதம் செய்து இருவரும் பூனைப் பேய்களாகிறார்கள். போரிலிருந்து மகன் திரும்புகிறான், இப்போது அவனும் சாமுராய். மருமகள் சபதத்தை முறித்து, கணவனோடு ஏழு இரவு மட்டும் வாழ்ந்துவிட்டு நரகத்துக்குப் போகிறாள். பேய்க்கும் நீதிக்கும் அன்புக்கும் நடுவில் அகப்படுகிற மனம் உண்டு என்று சொல்ல அந்தக் கால சினிமாவுக்குத் துணிவு இருந்தது.

கொட்டகைகள் காலியானபோது

1958இல் ஜப்பானில் 112 கோடி சினிமா டிக்கெட்டுகள் விற்றன. பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. 1961இல் ஷின்தோஹோ திவாலானது. பூனைப் பேய்ப் படங்களுக்குப் பேர்போன டாயெய் ஸ்டூடியோ 1971இல் மூழ்கியது. 1996இல் விற்ற டிக்கெட் 12 கோடிக்கும் கீழே. தீட்டிய வானத்துக்கும் மூங்கில் தோப்புக்கும் இனிப் பணமில்லை.

பேய் மீண்டும் தலைகாட்டியது வீடியோ கடை அலமாரியில். 1991இல் நோரியோ சுருதா, உண்மையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அனுபவங்களை வைத்து வீடியோவுக்கென்றே சிறுபடங்கள் எடுத்தார். செட்டும் இல்லை, உடையும் இல்லை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் மூலை, அடுக்கக நடைபாதை. மங்கிய வீடியோவில், பின்னணியில், யாரோ நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. அசையவும் இல்லை. குடும்பப் புகைப்படத்தில் அழையாத முகமொன்று விழுந்திருப்பது போன்ற பயம். வறுமை கற்றுக்கொடுத்த நுட்பம் அது. ஹிதேவோ நகாடா, திரைக்கதாசிரியர் ஹிரோஷி தகாஹாஷி, கியோஷி குரோசாவா, தகாஷி ஷிமிசு என்று அடுத்து வந்த வரிசையே இதிலிருந்து பாடம் படித்தது.

கிணற்றில் உடைந்த விதி

நகாடாவின் 'ரிங்' படத்தில் சபிக்கப்பட்ட வீடியோ டேப்பைப் பார்த்தவர் ஏழு நாளில் சாகிறார். பார்த்துவிட்ட நிருபர் ரெய்கோவும் அவள் முன்னாள் கணவன் ரியூஜியும் பழைய பேய்க்கதையின் விதிப்படியே நடக்கிறார்கள். யார் இந்தச் சடாகோ, அவளுக்கு என்ன கொடுமை நடந்தது என்று தேடுகிறார்கள். வளர்த்தவனே அடித்துக் கிணற்றில் தள்ளிய பெண். ஒகிகுவின் கிணறேதான். வாளி வாளியாக நீர் இறைக்கிறார்கள். கடைசி நாளில் ரெய்கோ சேற்றில் கை விட்டுத் துழாவுகிறாள். கையில் முடி சுற்றிக்கொண்டு வருகிறது, பின்னாலேயே மண்டையோடு. அருவருக்காமல் அதை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். கெடு கடக்கிறது, அவள் பிழைத்திருக்கிறாள். உண்மை வெளிவந்தது, எலும்பு கிடைத்தது, பரிவு காட்டியாயிற்று. நன்போகுவின் ரசிகர்கள் இங்கே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மறுநாள் ரியூஜியின் வீட்டு டிவி தானாக உயிர்பெறுகிறது. திரையில் அதே கிணறு. ஓர் உருவம் ஏறி வெளியே வருகிறது. நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படத்தைத் திருப்பி ஓட்டியதால் எந்த மூட்டும் இயல்பாக மடங்கவில்லை. அது நடந்து, கண்ணாடியைத் தொட்டு, தாண்டி, அறைக்குள் தவழ்ந்து வருகிறது. அவளுக்காகக் கிணறு இறைத்தவனேதான் சாகிறான். ரெய்கோ பிழைத்த காரணம் மெதுவாகத்தான் விளங்குகிறது: அவள் அந்த டேப்பைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தாள். அணைத்துக்கொண்டது ஒரு பொருட்டே இல்லை.

நூற்றெழுபது ஆண்டு விதி இந்தக் காட்சியில் உடைந்தது. ஷிமிசுவின் 'ஜூ-ஓன்' அதை முழுவதுமாகக் கைவிட்டது. கணவன் கொன்ற கயாகோவின் கோபம் கணவனோடு நிற்கவில்லை. அந்த வீட்டு வாசலை மிதித்த எவரையும் பிடிக்கிறது. முதியவளைக் கவனிக்க வந்த தொண்டு ஊழியரையும்கூட. கியோஷி குரோசாவா 2001இல் எடுத்த 'பல்ஸ்' படத்தில் இணையம் வழியே வரும் ஆவிகளுக்குக் கொல்லும் ஆவல்கூடக் கிடையாது. நெடிய அறையின் மறுமுனையிலிருந்து ஒரு பெண் உருவம் நடந்து வருகிறது. பாதி வழியில் கால் இடறி, உடல் ஒரு பக்கம் சரிந்து, மீண்டு, தொடர்ந்து வருகிறது. காரணமே இல்லாத அந்தத் தடுமாற்றம் என்னை இன்றும் உலுக்குகிறது.

இந்தப் புதிய பயத்தை நான் மதிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத அடுக்ககத்தில் வாழ்கிறவர்களுக்கு, தாங்கள் செய்யாத தவறுக்கான சாவு வாசலில் வந்து நிற்கலாம் என்ற எண்ணம் பொய்யில்லை. நோயும் நிலநடுக்கமும் ஆள் பார்த்து வருவதில்லை. 1825இன் கொட்டகை, தப்புச் செய்தவன் அகப்படுவான் என்று உறுதி சொன்னது. 1998இன் திரை அந்த உறுதியைத் தர மறுத்தது. அந்த மறுப்பில் நேர்மை இருக்கிறது.

இழந்ததும் எஞ்சியதும்

ஆனால் காரணம் கேட்காத பேய்க்கு ஒரு விலை உண்டு. வழக்கு போனால் ஆளும் போய்விடுகிறாள். 2012இல் வெள்ளுடையும் முடியுமாகச் சடாகோ வேஷம் போட்டவர் டோக்கியோ டோம் பேஸ்பால் மைதானத்தில் தொடக்கப் பந்து வீசினார். 2016இல் சடாகோவும் கயாகோவும் ஒரே படத்தில் மோதிக்கொண்டார்கள். முதல் படத்தில் ஏழு நாளாக இருந்த கெடு, அந்த மோதலில் இரண்டு நாளாகி, 2022இல் வந்த படத்தில் 24 மணி நேரமாயிற்று. கெடு சுருங்கச் சுருங்க, அவள் யார் என்று தேடுவதற்கான நேரமும் சுருங்கியது. கிணற்றில் தள்ளப்பட்ட பெண்ணின் கதை இன்று பலருக்கு நினைவில்லை. முடி மட்டும் நினைவிருக்கிறது.

ஓயிவாவுக்கு இது நடக்கவில்லை. டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் அவள் பெயரில் கோயில் இருக்கிறது. அந்த நாடகத்தையோ படத்தையோ எடுக்கிறவர்கள் முதலில் அவளிடம் போய்க் கும்பிட்டு அனுமதி கேட்பது இன்றும் வழக்கம். அங்கே போய்த் தலை வணங்குகிறவர்கள் அவளை ஓர் ஆளாகவே நினைக்கிறார்கள், வழக்கு உள்ள ஆளாக.

புதிய பயத்தையும் பழைய வழக்கையும் இணைக்க முடியும் என்பதற்கு நகாடாவின் 'டார்க் வாட்டர்' சாட்சி. 2002இல் வந்தது. மணமுறிவு வழக்கில் மகள் யாருக்கு என்ற போராட்டத்தில் இருக்கும் ஒரு தாய், ஒழுகும் பழைய அடுக்ககத்தில் குடியேறுகிறாள். கூரையில் ஈரக்கறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. தூக்கிப்போட்ட சிவப்புப் பை திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பையின் சொந்தக்காரி, அம்மா வந்து அழைத்துப்போவாள் என்று காத்திருந்து, மாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்த சிறுமி. தன் மகளைக் காப்பாற்ற, அந்தத் தாய் செத்த குழந்தைக்குத் தாயாக லிஃப்டிலேயே நின்றுவிடுகிறாள். கியோத்தோவில் பேயின் பெயரால் மிட்டாய் விற்கும் கடை ஒன்று இன்றும் இருக்கிறது. புதைகுழிக்குள் பிறந்த பிள்ளையை வளர்க்க, செத்த தாய் இரவில் வந்து மிட்டாய் வாங்கிப் போனாள் என்பது அதன் கதை. அந்தத் தாய்தான் கான்கிரீட் கட்டடத்துக்குள் நகாடாவின் படத்தில் மறுபடி வருகிறாள். பயம் இன்றையது, வழக்கு அன்றையது.

பழைய படங்கள் இப்போது நல்ல நிலையில் கிடைக்கின்றன. 'உகெட்சு' 2016இல் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டது. 'குவைடான்' வெட்டில்லாமல் பார்க்கக் கிடைக்கிறது. ஹேர்னுக்குக் கதை சொன்ன மனைவி செட்சுவின் வாழ்க்கையை அடிப்படையாக வைத்து 2025இல் என்ஹெச்கே தொலைக்காட்சி காலைத் தொடரே ஒளிபரப்பியது. முதல்முறை பார்க்கிறவர்கள் நகாகவாவின் 76 நிமிடத்தில் தொடங்கி, 'உகெட்சு' பார்த்துவிட்டு, பிறகு 'ரிங்' பார்க்கட்டும். கிணற்றடியில் உடைந்த விதி எது என்று அப்போதுதான் முழுதாக உறைக்கும். புதிய படத்தில் எங்கே பேய் வரும் என்று தெரிந்த பின் பயம் பாதியாகிவிடுகிறது. ஓயிவா எப்போது வருவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்தச் சீப்பைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் கூடுதலாகக் கனக்கிறது.

ஜப்பானிய நகரங்களில் முதியவர்கள் தனி அறையில் இறந்து, பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்படுவது இன்று பெரிய சமூகக் கவலை. எடோ காலத்தில் மனைவிக்கும் வேலைக்காரிக்கும் முறையிட இடமில்லாதது போல, இவர்களுக்கும் இல்லை. அவர்களில் ஒருவரைப் பேயாக்கி, கெடு வைக்காமல், என்ன நடந்தது என்று நின்று கேட்கும் படம் ஒன்று வர வேண்டும். அதை எடுக்கப்போகிறவருக்கு வேண்டிய பாடமெல்லாம் 1953க்கும் 1968க்கும் நடுவில் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.